மெழுகுக் கை

மழை விட்டிருந்தாலும் வீதியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ராஜபாளையம் பேருந்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிய நூர்னிசா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, டாக்டர் எழுதிக் கொடுத்த விலாசத்தைத் தேடி நடந்தாள். ரத வீதிக்குப் பின்னால் இரண்டாவது சந்து. பச்சைக் கதவு. 1987, ஐப்பசி மாதம்.

வீடு பழையது. ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள். முன்னறையில் டாக்டருக்கு மேசை நாற்காலி. நடு அறையில் மாவுக்கட்டுப் போட்டவர்கள் படுத்திருக்க நான்கு கட்டில்கள். பின்னறைக்கு ஜன்னல் இல்லை. கூரையில் பதித்த ஒரே ஒரு கண்ணாடி ஓடு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் விழும். சுவர்களில் ஓதம் ஏறி சுண்ணாம்பு பொரிந்து கிடந்தது. அந்தப் பின்னறைதான் நூர்னிசாவுக்கு.

டாக்டர் ஐயாதுரைக்கு ராஜபாளையத்தில் எலும்பு முறிவு ஆஸ்பத்திரி இருந்தது. அதன் கிளைதான் இது. மதுரையிலிருந்து பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் அவர் சொன்னபடி நோயாளிகளின் கைகளைப் பிடித்து நீட்டி மடக்குவது நூர்னிசாவின் வேலை. முப்பத்தாறு வயது, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆயாவாகச் சேர்ந்து பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றவள். அவள் கைக்கு நல்ல பேர் இருந்தது. வலிக்காமல் பிடிப்பாள் என்பார்கள்.

மாவுக்கட்டுப் பிரித்த கை மரக்கட்டை போல இருக்கும். பின்னறை மூலையில் கரண்டில் ஓடும் மெழுகுத் தொட்டி இருந்தது. உருகிய மெழுகில் கையை முக்கி எடுத்து, மறுபடி முக்கி, இப்படி ஏழு தடவை செய்தால் கையுறை மாதிரி மெழுகு படியும். பாலிதீன் சுற்றித் துண்டு போர்த்தி இருபது நிமிஷம் வைக்க வேண்டும். பிறகு மெழுகைக் கீறி உரித்துத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, சூடு ஆறுவதற்குள் விரல்களை ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும். அதற்குத்தான் நடுவில் ஒரு மேசையும் எதிரெதிராக இரண்டு நாற்காலிகளும்.

மத்தியானம் ஒரு மணிக்கு டோக்கன் கொடுக்கும் மாரிச்சாமி வாசல் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வீட்டுக்குப் போவார். மூன்று மணிக்குத்தான் வருவார். கட்டில்களில் அப்போது யாரும் இல்லாததால் அந்த இரண்டு மணி நேரம் நூர்னிசா மட்டும் இருப்பாள். சோற்று டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, நடு அறையில் லுஹர் தொழுதுவிட்டு, கொஞ்சம் கண்ணயர்வாள்.

நான்காம் நாள், தொழுகை முடித்து சலாம் கொடுத்துக்கொண்டிருந்தபோது பின்னறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பூனையாக இருக்கும் என்று நினைத்தாள். எழுந்து போய்ப் பார்த்தாள். அறை காலியாக இருந்தது. மெழுகின் வாடையோடு வேறொரு வாடையும் கலந்திருந்தது. பாசி பிடித்த கல்லின் வாடை, ஆழத்துத் தண்ணீரின் வாடை. அந்த வீட்டில் கிணறே கிடையாது.

மேசையில் விரித்திருந்த துண்டின் மேல் ஒரு மெழுகுக் கை இருந்தது.

காலையில் வந்தவர்களின் மெழுகையெல்லாம் அவளே உரித்துத் தொட்டியில் போட்டிருந்தாள். இதை யார் விட்டுப் போனது என்று கையில் எடுத்தாள். வெள்ளையாக, வெதுவெதுப்பாக, முட்டையோடு மாதிரி லேசாக இருந்தது. வலது கை. சிறிய கை. ஐந்து விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டு, மணிக்கட்டு கீழ்நோக்கி மடங்கியிருந்தது.

திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் கீறல் இல்லை.

மணிக்கட்டுப் பக்கத்து வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. உள்ளே இருந்த முஷ்டி அந்த வழியாக வெளியே வந்திருக்க முடியாது.

 பூனையோ, மாரிச்சாமியின் விளையாட்டோ என்று யோசிக்க அவசியமே இருக்கவில்லை. அந்தக் கையை அவள் எட்டு மாதம் தினமும் பிடித்திருக்கிறாள். சுண்டுவிரல் மோதிரவிரலுக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும் விதமும், கட்டைவிரல் அரிவாள் மாதிரி உள்ளே வளைந்திருப்பதும் இருட்டில் தொட்டாலே அவளுக்குத் தெரியும்.

செல்லக்கனி.

செத்து ஒன்றேகால் வருஷம் ஆகிவிட்டது.

*

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் நடந்தது அது. செல்லக்கனிக்குப் பத்தொன்பது வயது. சோழபுரத்துப் பெண். நூல் மில்லில் வேலை பார்த்தாள். சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனவள் நிலைதடுமாறி விழுந்து, முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்து வந்தாள். மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலை டாக்டர் மதுரைக்கு ஒரு ஆபரேஷனுக்குப் புறப்பட்டார். புறப்படும் முன் நூர்னிசாவிடம் சொன்னதை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை. மணிக்கு ஒரு தரம் விரலைப் பார். நீலம் பூத்தாலோ, விரலை நீட்டினால் கத்தினாலோ யாரையும் கேட்காதே, கட்டை நீளவாக்கில் வெட்டி விரித்துவிடு.

மத்தியானத்திலிருந்தே செல்லக்கனி கூப்பிட ஆரம்பித்தாள். அக்கா, கட்டு இறுக்குது. அக்கா, உள்ள நெருப்பா எரியுது. எலும்பு முறிந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று இரண்டு தடவை சொன்னாள் நூர்னிசா. மூன்றாம் தடவை அதட்டினாள். அன்றைக்கு ஐந்து மணிக்கு அவள் தங்கை அசீனாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வீட்டில் எதுவும் தயாராக இல்லை. கட்டை வெட்டினால் டாக்டர் வரும்வரை கூடவே இருக்க வேண்டும். மூன்றரை மணிக்கு, போர்வைக்கு வெளியே தெரிந்த அந்த விரல்களை ஓரக்கண்ணால் பார்த்தாள். நிறம் சரியில்லை. தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. நோட்டை எடுத்து, நான்கு மணி, விரல்கள் நன்று என்றும், ஆறு மணி, விரல்கள் நன்று என்றும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

டாக்டர் ஒன்பது மணிக்கு வந்து கட்டை வெட்டினார். அதற்குள் உள்ளே சதை செத்துப் போயிருந்தது. மறுநாள், கட்டில் பக்கத்தில் நின்றே கேட்டார், சாயந்தரம் பார்த்தாயா என்று. பார்த்தேன் சார் என்றாள். சில பேருக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும் இப்படி ஆகிவிடும் என்று டாக்டர் பெருமூச்சு விட்டார்.

செத்த சதை சுருங்கச் சுருங்க விரல்கள் உள்ளே மடங்கின. மில் வேலை போனது. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். செல்லக்கனி எட்டு மாதம் நூர்னிசாவிடம் கைப் பயிற்சிக்கு வந்தாள். ஒரு நாள் கூட முகம் சுளிக்கவில்லை. சரியாயிரும் என்று தினமும் நூர்னிசா சொல்வாள். செல்லக்கனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், அடுத்து ஏதோ சொல்லப் போகிறாள் என்பது போல.

அடுத்த வருஷம் ஆடியில் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் குனிந்தவள் வழுக்கி விழுந்தாள். மேலே நின்றவர்கள் கயிறு போட்டார்கள். கயிறு கைக்கே போனது. இடது கையால் பிடித்தாள். தூக்கும்போது பாதியில் நழுவியது. மறுபடி பிடித்தாள். மறுபடி நழுவியது. வலது கை ஒன்று ஒழுங்காக இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நூர்னிசாவும் துட்டிக்குப் போயிருந்தாள்.

*

அந்த மெழுகுக் கையை அவள் தொட்டியில் போட்டு உருக்கிவிட்டாள்.

மறுநாளும் இருந்தது. அதையும் உருக்கினாள்.

மூன்றாம் நாள் தொழுகைப் பாயை விரிக்கவே இல்லை. பின்னறையில் மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சந்தில் யாரோ பாத்திரம் விற்றுக்கொண்டு போனார்கள். கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் மேசைமேல் நாலு விரற்கடை அகலத்தில் கிடந்தது. பட்டப்பகல்.

பாசி வாடை வந்தது.

தொட்டியில் மெழுகின் மேலே படிந்திருந்த மெல்லிய ஆடை பிளந்தது.

மெழுகு ஓரங்களில் ஒரு விரற்கடை உயர்ந்தது. ஏதோ ஒன்று உள்ளே இறங்கியிருந்தது. பிறகு மெழுகு தாழ்ந்தது. தொட்டிக்கு மேலே, வெறும் காற்றில், பனி படிவது போல ஒரு முஷ்டியின் மேல்தோல் மட்டும் தெரிந்தது. அதன் நுனிகளிலிருந்து மெழுகு சொட்டிற்று. மறுபடி இறங்கியது. மறுபடி எழுந்தது. ஒவ்வொரு தடவையும் வெள்ளை கூடிக்கொண்டே வந்தது.

அவளை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஏழு.

அவள் சொல்லிக் கொடுத்தபடியே.

அந்த வெள்ளை முஷ்டி மெல்ல நகர்ந்து வந்து, மேசைமேல் அவளுக்கு எதிரில் இருந்த துண்டில் உட்கார்ந்தது. எதிர் நாற்காலி லேசாக முனகியது. அதன் பிரம்பிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

நூர்னிசா எழுந்து ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை. மாரிச்சாமி வரும்வரை சந்து முனையில் டீக்கடை ஓரமாக நின்றாள். காய்ச்சலா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாள்.

வேலையை விட்டுவிடலாம். டாக்டரிடம் ஏதாவது காரணம் சொல்லலாம். ராஜபாளையம் பேருந்தில் வழியெல்லாம் அதையே யோசித்தாள். ஆனால் அந்த முஷ்டி துண்டின்மேல் வந்து உட்கார்ந்த விதம் அவளை விடவில்லை. கழுத்தை நெரிக்க வந்த கை அப்படி உட்காராது. வைத்தியத்துக்கு வந்த கைதான் அப்படி உட்காரும்.

மறுநாள் அவள் ஓடவில்லை.

இருபது நிமிஷம் காத்திருந்தாள். மெழுகு இருந்த இடத்திலேயே இருக்க, அதற்குள்ளிருந்து பாரம் மட்டும் போய்விட்டது போல மெழுகு ஓடு சற்றே அசைந்து நின்றது. மேசைமேல் அவள் மல்லாத்தி வைத்திருந்த உள்ளங்கையில், ஐஸ் கட்டி மாதிரி ஒன்று வந்து அமர்ந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மணிக்கட்டை இடது கையில் தாங்கி, சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள். கணுக்கணுவாக நீவி, நீட்டி, எண்ணிக்கொண்டு விட்டாள்.

"வலிக்குதா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டாள்.

 தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் செல்லக்கனிக்கு வைத்தியம் நடந்தது. மெழுகுக் கைகளை நூர்னிசா இப்போது உருக்கவில்லை. பின்னறை பீரோவில் வரிசையாக வைத்தாள். இரண்டாம் வாரம் சுண்டுவிரல் கொஞ்சம் விலகியிருந்தது. மூன்றாம் வாரம் கட்டைவிரல் வெளியே வந்தது. உயிரோடு இருந்தபோது எட்டு மாதத்தில் நடக்காதது நடந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பயம் போய், வெளியே சொல்ல முடியாத ஒரு சந்தோஷம் வந்தது. வாயைத் திறந்து யாரிடமும் எதையும் சொல்லாமலே, கையால் உழைத்தே இந்தப் பாவத்தைக் கழித்துவிடலாம் போலிருக்கிறதே என்று நினைத்தாள். இரவில் நன்றாகத் தூங்கினாள்.

அப்போதுதான் பெத்தம்மாள் வந்தாள்.

*

களத்துமேட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, ஒன்றரை மாதம் மாவுக்கட்டில் இருந்து, பிரித்த பிறகு விரல் மடங்கவில்லை என்று ராஜபாளையத்திலிருந்து சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்கள். மெலிந்த உடம்பு, நரைத்த தலை. பின்னறை வாசலில் நின்று நூர்னிசாவை ஏற இறங்கப் பார்த்தாள். செல்லக்கனியின் அம்மா.

"நல்லாருக்கியா தாயி? எம்மக உன் பேரையே சொல்லிக்கிட்டு இருப்பா" என்றாள்.

 பெத்தம்மாளுக்கும் மகளைப் போலவே நீளமான விரல்கள், சிறிய உள்ளங்கை. மெழுகை உரித்து அந்தச் சூட்டோடு பிடித்து மடக்கும்போது பெத்தம்மாள் வலியில் உதட்டைக் கடித்துக்கொள்வாளே தவிரச் சத்தம் போடமாட்டாள். மகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை பேசுவாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, நூர்னிசாவின் முகத்தைப் பார்த்தபடி இருப்பாள். சரியாயிரும்மா என்று நூர்னிசா சொல்வாள்.

முதல் நாள் பெத்தம்மாள் போன பிறகு, மத்தியானத்து மெழுகுக் கையில் கட்டைவிரல் மறுபடி உள்ளே போயிருந்தது.

தற்செயல் என்று நினைத்தாள். மறுநாள் சுண்டுவிரல் போனது. அதற்கடுத்த நாள் மோதிரவிரல். அவள் எவ்வளவு பாடுபட்டு நீட்டினாலும், பெத்தம்மாள் வந்து போகும் ஒவ்வொரு நாளும் கை மூடிக்கொண்டே வந்தது. உள்ளங்கையில் வந்து அமரும் அந்தக் குளிர்ச்சி இப்போது வைத்தியத்துக்கு ஒத்துழைக்கவில்லை. இறுகிக்கொண்டது. விரலை நீட்டப் பார்த்தால் அவள் விரலையும் சேர்த்து உள்ளே இழுத்தது.

பெத்தம்மாள் வரத் தொடங்கிய மூன்றாம் வார முடிவில் மெழுகுக் கை ஒரு கல்லைப் போல இருந்தது. விரல் என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. மெழுகு முழுக்க, நகம் சதையில் பதிந்து கிழித்தது போலக் கீறல்கள்.

மாரிச்சாமி அன்று மூன்று மணிக்கு வந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டார், மத்தியானம் யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள், சந்து வரைக்கும் கேட்டதே என்று. நூர்னிசா தான் பேசியதாகவே நினைக்கவில்லை. என்ன பேசினேன் என்று கேட்டாள்.

சரியாயிரும், சரியாயிரும்னு அழுதுக்கிட்டே இருந்தீங்க என்றார் அவர்.

மறுநாள் பெத்தம்மாள் கடைசி ஆளாக வந்தாள். மணி பன்னிரண்டரை இருக்கும். நூர்னிசா மெழுகை உரித்தாள். ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். மடக்கவில்லை. பிடித்தபடியே இருந்தாள்.

"அம்மா, செல்லக்கனி கை என்னாலதான் போச்சு."

பெத்தம்மாள் கையை உருவிக்கொள்ளவில்லை.

"சொல்லு" என்றாள்.

சொன்னாள். டாக்டர் சொல்லிவிட்டுப் போனது, பெண் பார்க்க வந்தது, போர்வைக்கு வெளியே தெரிந்த விரல்களின் நிறம், பார்க்காமலே எழுதி வைத்த நான்கு மணி, ஆறு மணி. சொல்லச் சொல்லத் தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது அவளுக்கு. முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளுக்குத் தெரியும்" என்றாள் பெத்தம்மாள்.

நூர்னிசா நிமிர்ந்தாள்.

"டாக்டரு கேக்கையில நீ பாத்தேன்னு சொன்னியாம்ல. அவ முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்திருக்கா. எங்கிட்ட வந்து சொன்னா. நான் சண்டைக்குக் கெளம்புனேன். போகாதம்மா, அக்காவுக்கு வேலை போயிரும், அவியளே ஒரு நாளைக்கு வாயத் தெறந்து சொல்லுவாவன்னு என்னையப் புடிச்சு நிறுத்திட்டா. கை இனிமே தேறாதுன்னு அவளுக்கு ரெண்டாம் மாசமே தெரியும். எட்டு மாசமும் அதுக்குத்தான் உங்கிட்ட வந்தா."

அறையில் பாசி வாடை கனத்தது. இரண்டு பேருமே அதை முகர்ந்தார்கள்.

"அவ எட்டு மாசம் காத்துக் கெடந்தா. நான் மூணு வாரம்" என்றாள் பெத்தம்மாள்.

"மன்னிச்சிருங்கம்மா."

"என்னையக் கேட்டு என்ன செய்ய? போனது என் கையா?"

அப்போதுதான் மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டாள். நாற்காலியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிரம்பு நனைந்திருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"இங்கயா வாரா?"

நூர்னிசா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்."

மாரிச்சாமி கதவைச் சாத்திக்கொண்டு போனார். பெத்தம்மாள் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பெண்களும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெழுகின் ஆடை பிளந்தது. இறங்கியது. எழுந்தது. பெத்தம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஏழாம் தடவை எழுந்தபோது, ஐந்து விரலும் விரிந்து நீட்டியிருந்தன.

அது மேசைக்கு வரவில்லை. பெத்தம்மாள் பக்கம் திரும்பிச் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு பாரம் நீங்கி, சத்தமில்லாமல் அவள் மடியில் விழுந்தது. பெத்தம்மாள் அதன்மேல் தன் உள்ளங்கையை விரலுக்கு விரல் பொருத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. போகும்போது அதை முந்தானையில் பொதிந்து எடுத்துக்கொண்டாள்.

இன்னும் இரண்டு வாரம் வந்தால் விரல்கள் முழுதாக மடங்கிவிடும் என்று நூர்னிசா சொன்னாள்.

"வேண்டாம். என் கை இம்புட்டோட இருக்கட்டும்" என்றாள் பெத்தம்மாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

*

அன்று மாலையே நூர்னிசா ராஜபாளையம் போய் டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள்.  வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தாள். நிறுத்தவில்லை. இனிமேல் மாவுக்கட்டுப் போட்ட அத்தனை பேர் விரலையும் மணிக்கு ஒரு தரம் நீதான் பார்க்க வேண்டும், நான் ஒரு நாளும் உன்னை வந்து சோதிக்கமாட்டேன் என்றார். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பீரோவில் இருந்த மெழுகுக் கைகளை உருக்கினாள். பின்னறையில் பாசி வாடை வரவில்லை. தொட்டியின் ஆடை பிளக்கவில்லை. ஒரு மாதம், ஒரு வருஷம் என்று மத்தியானங்கள் அமைதியாகக் கழிந்தன. செல்லக்கனி போய்விட்டாள் என்று நம்பினாள். தொழுகையில் அவளுக்காகவும் கையேந்தினாள்.

ஆறு வருஷம் அவள் தவறாமல் விரல் பார்த்தாள். ஆனால் குற்ற உணர்வும் உடம்பு வலி மாதிரித்தான், தினமும் இருந்தால் மரத்துப்போகும். 1993 கார்த்திகையில் ஒரு நாள் காலை, சுந்தரபாண்டியத்திலிருந்து சுடலையம்மாள் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வரப்பில் வழுக்கி விழுந்து முன்கை முறிந்திருந்தது. டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, நடு அறைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு ராஜபாளையம் போனார். பன்னிரண்டு மணிக்கு நூர்னிசா விரலைப் பார்த்தாள். நன்றாக இருந்தது. ஒரு மணிக்கும் பார்த்தாள். லேசாக வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டதற்குச் சுடலையம்மாள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றாள். இரண்டு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, பின்னறைக்குப் போய், மழைக் குளிருக்கு மெழுகுத் தொட்டியின் வெதுவெதுப்பில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

விழித்தபோது மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

எது எழுப்பியது என்று தெரியவில்லை. சத்தம் ஒன்றும் இல்லை.

வாடைதான்.

நடு அறைக்கு ஓடினாள். வாசல் கதவு வெளியே சாத்தியபடியே இருந்தது. மாரிச்சாமி இன்னும் வரவில்லை. அறையின் தரையில், பின்னறையிலிருந்து கட்டில் வரைக்கும் ஈரப் பாதங்கள் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

சுடலையம்மாள் தலையணையில் சாய்ந்து நிம்மதியாகப் படுத்திருந்தாள். அவள் கையிலிருந்த மாவுக்கட்டு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளவாக்கில் பிளந்து, இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. உள்ளே பஞ்சு நனைந்திருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களில் நீலம் வடிந்து, ரத்தம் ஏறிச் சிவந்துகொண்டிருந்தது.

வெட்டிய தடமே இல்லை. ரம்பமும் கத்தரியும் சுவரில் அதனதன் ஆணியில் தொங்கின. தண்ணீரில் ஊறிய மாவை யாரோ வெறுங்கையால் பற்றிப் பிளந்திருந்தார்கள். இரண்டு ஓரங்களிலும் விரல்கள் அழுந்திய குழிகள் இருந்தன. இடது பக்கம் ஐந்து. வலது பக்கம் ஐந்து.

நூர்னிசா தன் விரல் நுனிகளை வலது பக்கத்துக் குழிகளில் வைத்தாள். அவள் விரல்களுக்கு அவை சிறியவை. அடி வரைக்கும் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தன.

"உசுரு போற மாதிரி வலிச்சிச்சு தாயி. உன்னயத்தான் கூப்பிட்டேன், காது கேக்கல போல" என்றாள் சுடலையம்மாள். "அந்தப் புள்ளதான் வந்து பிரிச்சு விட்டுச்சு. தலையெல்லாம் நனைஞ்சு நின்னுச்சு, பாவம்."

சொல்லிவிட்டு, நூர்னிசாவின் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மாடி, அந்தக் கையிலதான் எம்புட்டுப் பலம்!"